பெற்றோல் ஏற்க மறுக்கும் கார்: கோளாறு தாங்கியிலா, எமது பழக்கத்திலா?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவருக்கு வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவு கடந்து முடியும் தொழிற்சாலை வேலைக்கும், விடியுமுன் தொடங்கும் துப்புரவு வேலைக்கும், வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் தொழிலுக்கும் அதுவே காலாக இருக்கின்றது. ரொறன்ரோ போன்ற பெருநகரிலும் பேருந்து அரிதாகும் வேளைகளும் பேருந்து செல்லாத தெருக்களும் உண்டு. ஆதலால் வேலை அனுமதிப்பத்திரம் கைக்குக் கிடைத்த சில மாதங்களுக்குள்ளேயே பத்து, பதினைந்து வயதான ஒரு காரை எம்மவர் பலர் வாங்கிவிடுகின்றனர். காரின் விலையை விசாரித்து வாங்குகின்றோம். அதன் குணங்களையோ வாங்கிய பின்னரே அறிகின்றோம்.

கடந்த மாரிகாலத்தில் ஓர் இரவு, ஸ்காபுறோவிலுள்ள ஒரு பெற்றோல் நிலையத்தில் எமக்கு நன்கு அறிமுகமான இளைஞர் ஒருவரைக் கண்டோம். கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவடையாதவர். அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருப்பவர். இரவு வேளைகளில் உணவகங்களிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டு சென்று பிழைப்பவர். பம்பின் பிடியை அவர் அழுத்துகின்றார். ‘கிளிக்’ என்ற ஓசையுடன் அது நின்றுவிடுகின்றது. மீண்டும் அழுத்துகின்றார், மீண்டும் நிற்கின்றது. பின்னால் காத்திருந்தவர் பொறுமையிழந்து ஹோர்ன் அடிக்கின்றார். இருபது நிமிடங்களில் பன்னிரண்டு லீற்றர்தான் ஏறியிருந்தது. தாங்கியிலோ முக்காற்பங்கு வெறுமை.

“மூண்டு கிழமையா இப்பிடித்தான் அண்ணை. தாங்கியையும் அதுக்குள்ளை இருக்கிற பம்பையும் மாத்த வேணுமெண்டு கராஜிலை சொல்லுகினம். ஆயிரத்து நானூறு டொலராம். மாத்தத்தான் வேணுமோ?” என்று கேட்டார்.

அத்தொகை அவரிடம் இருந்தது. ஆனால் அது, விசாரணைக்கென ஊரிலிருந்து தருவித்த பத்திரங்களை மொழிபெயர்ப்பிப்பதற்காக ஒதுக்கி வைத்த பணம். காரைத் திருத்தினால் பத்திரங்கள் நிற்கும். பத்திரங்களைக் கவனித்தால் கார் நிற்கும். கார் நின்றால் வருமானம் நிற்கும். எமக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காரை வாங்குவதற்கு அவருடன் கூடச் சென்றது நாமே என்பதால் வாளாவிருக்கவும் மனம் இடந்தரவில்லை. அன்று தொடங்கி நாம் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை, இதே தொல்லைக்கு ஆளாகும் வாசகர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்துடன் இங்கு தருகின்றோம்.

போத்தலும் வைத்தூற்றியும்

அவரை அழைத்துக்கொண்டு வேறொரு சிறிய கராஜுக்குச் சென்றோம். அதை நடத்துபவர் வயதில் மூத்த எம்மவர். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் அங்கு கார் திருத்தியவர். கரண்டிக் கணக்கில் பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலேயே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடச் செய்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

அவர் உடனே காருக்கு அடியிற் புகவில்லை. வெறும் போத்தல் ஒன்றை எடுத்து, அதன் வாயில் வைத்தூற்றியை இறுக அழுத்தித் தண்ணீர் ஊற்றினார். சிறிதளவு இறங்கியது, பின்னர் தண்ணீர் வைத்தூற்றியிலேயே தேங்கி நின்று குமிழி விட்டது. வைத்தூற்றியை ஒரு நூலளவு உயர்த்தினார். தேங்கிய தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே இறங்கியது.

“தண்ணி உள்ளை போக வேணுமெண்டால் காத்து வெளியிலை வரவேணும் தம்பி. உங்கடை காருக்கும் இதுதான் வருத்தம்” என்றார்.

குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய எமது தாய்மாருக்கு இந்த உண்மை புதிதன்று. நாற்பது லீற்றர் பெற்றோல் தாங்கிக்குள் இறங்குமாயின், ஏறத்தாழ நாற்பது லீற்றர் காற்றும் பெற்றோல் ஆவியும் அதிலிருந்து வெளியேற வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே செல்லும் வழி எவ்வளவு அகலமாயிருந்தும் பயனில்லை. பெற்றோல் ஏற மறுக்கும் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு நோய் இதுவே.

‘கிளிக்’ என்பது என்ன?

தாங்கி நிறைந்துவிட்டதை பம்பு எவ்வாறு அறிகின்றது? தாங்கியை அது பார்ப்பதுமில்லை, அளப்பதுமில்லை. காருக்குள் நாம் செருகும் பம்பு முனையின் நுனிக்கருகே ஒரு சிறு துவாரம் உண்டு. பெற்றோல் பாயும் வேகம் அத்துவாரத்தின் வழியே சிறிது காற்றை இடையறாது இழுத்துக்கொண்டிருக்கும். பெற்றோல் குழாயில் மேலெழுந்து அத்துவாரத்தை மூடியதும் காற்று நின்று, பிடிக்குள்ளே இழுவிசை அதிகரித்து, அங்குள்ள மெல்லிய தகடு அசைந்து பிடியை விடுவித்துவிடுகின்றது. மின்சாரமோ கணினியோ இதற்குத் தேவையில்லை.

ஆகவே ‘கிளிக்’ என்பதன் பொருள் “தாங்கி நிறைந்தது” என்பதன்று; “குழாயின் வாய்வரை பெற்றோல் வந்துவிட்டது” என்பதே. தாங்கி நிறைந்தாலும் அது வரும். தாங்கி வெறுமையாயிருந்து ஆவி வெளியேற வழியில்லாதபோதும் பெற்றோல் குழாயிலேயே தேங்குவதால் அது வரும். பம்பைக் குறை சொல்வதற்கு முன் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூடியைக் கழற்றித்தானே பெற்றோல் விடுகின்றோம், ஆவி அந்த வாயினாலேயே வெளியேறலாமே என்று வாசகர் கேட்கலாம். முற்காலக் கார்களில் அவ்வாறே நடந்தது. பெற்றோல் விடும்போது மூக்கைத் துளைத்த நெடி அதனால் வந்ததே. அந்த ஆவி காற்றை மாசுபடுத்துவது; புற்றுநோயை விளைவிக்கக்கூடிய பென்சீனும் அதில் உண்டு. அதனைப் பிடித்து வைக்கும் அமைப்பு காரிலேயே இருக்க வேண்டுமென அமெரிக்கா 1994ஆம் ஆண்டில் விதித்தது. அது 1998ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து படிப்படியாகப் புகுத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டு மொடல் முதல் அங்கு விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் இடம்பெற்றது. கனடாவில் நாம் ஓட்டும் கார்களும் பெரும்பாலும் அதே சந்தைக்கென உற்பத்தியானவையே.

இவ்வகைக் கார்களில் பெற்றோல் விடும் குழாய் உட்புறத்தில் ஒடுங்கிச் செல்லும். பாயும் பெற்றோலே அக்குழாயை அடைத்துக்கொள்வதால் ஆவி அவ்வழியே திரும்ப முடியாது. இறுக அழுத்திய வைத்தூற்றியைப் போலத்தான். ஆவி வேறொரு குழாய் வழியே கரித்துண்டுகள் நிரம்பிய பெட்டி ஒன்றுக்குச் செல்கின்றது. மெக்கானிக்குகள் இதனைக் ‘கனிஸ்ரர்’ என்பர். கரி ஆவியை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய காற்று ‘வென்ற் வால்வ்’ எனப்படும் வாயிலால் வெளியேறுகின்றது. பின்னர் கார் ஓடும்போது ‘பேர்ஜ் வால்வ்’ திறந்து, கரியில் தங்கிய ஆவியை எஞ்சின் இழுத்து எரித்துவிடுகின்றது. குழாய், கரிப்பெட்டி, வென்ற் வால்வ் ஆகிய மூன்றில் எது அடைபட்டாலும் கார் பெற்றோலை ஏற்காது.

செலவின்றித் தொடங்கும் சோதனைகள்

கராஜுக்குச் செல்வதற்கு முன் எவரும் தாமே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, குற்றம் பம்பினதா காரினதா என்று பிரித்தறிய வேண்டும். வெவ்வேறு நிலையங்களில் இரண்டு, மூன்று தடவைகள் பெற்றோல் விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மாத்திரம் நிற்குமாயின் கார் குற்றமற்றது. எல்லா இடத்திலும் நிற்குமாயின், பம்பு முனையைச் சற்று வெளியே இழுத்தோ பக்கவாட்டில் திருப்பியோ பிடித்து, மெதுவாக அழுத்திப் பாருங்கள். மெதுவாக விடும்போது ஏறி, வேகமாக விடும்போது நிற்பது ஆவிவழி முழுவதுமாகவன்றிப் பகுதியாக அடைபட்டிருப்பதன் அறிகுறி.

இரண்டாவதாக, மூடியைத் திறக்கும்போது செவிகொடுங்கள். அரை மணி நேரம் ஓடிய பின் திறக்கையில் மெல்லிய சீறல் கேட்பது இயல்பு. நீண்டு, பலமாகக் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்குமாயின் தாங்கிக்குக் காற்று போய்வரும் வழி மூடியிருக்கின்றது என்று ஐயுறலாம்.

மூன்றாவதாக, பெற்றோல் விட்டபின் கார் எவ்வாறு உயிர்ப்படைகின்றது என்பதைக் கவனியுங்கள். பெற்றோல் எளிதாக ஏறுகின்றது, ஆனால் விட்ட உடனே எஞ்சின் உயிர்ப்படையத் தயங்குகின்றது, குலுங்குகின்றது எனில் கோளாறு பெரும்பாலும் மூட மறுக்கும் பேர்ஜ் வால்வில் இருக்கும். இது வேறு நோய்; வேறு மருந்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பிழையான பாகத்தை மாற்றியோர் பலர்.

நான்காவதாக, ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். ஸ்ரியறிங்குக்குக் கீழேயுள்ள இணைப்பில் சிறு கருவியைப் பொருத்தி அதன் குறியீட்டை வாசிக்கலாம். பி0446 என்பது வென்ற் வால்வின் கட்டுப்பாட்டையும், பி0441, பி0496 என்பன பேர்ஜ் வழியையும் சுட்டுவன. பி0457 என்பது மூடி சரியாக இறுக்கப்படாததைக் குறிக்கும்; அதற்குச் செலவு ஏதுமில்லை, மூடியை இறுக்கினாலே போதும். ஆயினும் குறியீடு தேடவேண்டிய திசையைக் காட்டுவதேயன்றித் தீர்ப்பன்று. விளக்கு எரியவில்லை என்பதால் கோளாறு இல்லையென்றும் கொள்ளலாகாது. முன்னர் ஒன்ராறியோவில் புகைப் பரிசோதனை கட்டாயமாயிருந்தபோது இவ்விளக்கை எவரும் அலட்சியம் செய்ய முடிவதில்லை. 2019 ஏப்ரலில் சாதாரண கார்களுக்கு அச்சோதனை நிறுத்தப்பட்டது. அதன்பின் விளக்குடனேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் கார்கள் கைமாறுகின்றன. பழைய கார் வாங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

காருக்கு அடியிற் பார்க்கவேண்டியவற்றை லிஃப்ற் உள்ள கராஜுக்கு விட்டுவிடுதலே அறிவுடைமை. ஜாக்கியினால் மாத்திரம் உயர்த்திய காரின் கீழ் எவரும் புகலாகாது. அங்கு மெக்கானிக் பார்க்கவேண்டியவை: மாரிகாலத்தில் தெருக்களிற் கொட்டும் உப்பினால் துருப்பிடித்த பெற்றோல் குழாய், விபத்துத் திருத்தத்தின்பின் மடிந்துபோன ரப்பர் குழாய், சேறு அடைத்த வென்ற் வால்வ், உடைந்து தூளாகிய கரி.

சிலந்தியும் இப்பட்டியலில் உண்டு என்றால் வாசகர் நகைக்கக்கூடும். 2011ஆம் ஆண்டில் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 65,000 மஸ்டா 6 கார்களை மீள அழைத்தது. ஒருவகை மஞ்சட் சிலந்தி அக்கார்களின் ஆவிக்குழாயில் வலை பின்னியதால், தாங்கிக்குக் காற்றுச் செல்லாது உள்ளழுத்தம் குறைந்து தாங்கி வெடிப்புறும் அபாயம் ஏற்பட்டதே காரணம். 2014இல் மேலும் ஏறத்தாழ 42,000 கார்கள் அதே காரணத்துக்காக மீள அழைக்கப்பட்டன. ஒரு பூச்சியின் நூல் போதும், ஒரு தாங்கியின் மூச்சை நிறுத்துவதற்கு.

செய்யக்கூடாதவை

பொறுமையிழந்து செய்யும் சில காரியங்கள் கோளாற்றைவிடக் கொடியவை. மூடியில் துளையிடுதல், மூடியைத் தளர்த்தி விட்டு ஓடுதல், கரிப்பெட்டியைக் கழற்றியெறிதல் ஆகியவை பெற்றோல் ஆவியைக் காரின் அடியிலும் சில வேளைகளிற் காருக்குள்ளும் பரவவிடும். சிறு பொறி ஒன்று போதும்.

மற்றொன்று எம்மவர் அறியாமலே செய்வது. பெற்றோல் மெதுவாக ஏறும்போது குளிர் தாளாமல் காருக்குள் ஏறி அமர்ந்து, பின் இறங்கிவந்து பம்பு முனையைப் பிடித்தல். மாரிகாலத்தின் வறண்ட காற்றில், இருக்கையில் உரசிய உடையால் உடலில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். விரல் நுனியிலிருந்து பாயும் பொறி ஆவியைப் பற்றவைக்கும். அவ்வாறு தீப்பற்றிய சம்பவங்கள் நிகழ்ந்துள்ளன. பெற்றோல் ஏறி முடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள். காருக்குள் ஏறியிருந்தால், பம்பைத் தொடுமுன் காரின் கதவு போன்ற உலோகப் பகுதியொன்றை வெறுங்கையால் தொட்டுவிடுங்கள்.

கராஜில் எமக்குள்ள உரிமை

அந்த இளைஞருக்கு முதலிற் சொல்லப்பட்ட திருத்தத்தை இனி நோக்குவோம். தாங்கிக்குள் இருக்கும் பம்பு, பெற்றோலை எஞ்சினுக்கு அனுப்புவது. தாங்கிக்குள் பெற்றோல் ஏறுவதில் அதற்கு எவ்விதப் பங்குமில்லை. கார் நன்றாக ஓடும்போது அதை மாற்றச் சொல்வது தலைவலிக்குப் பல்லைப் பிடுங்குவது போன்றது. தாங்கியை மாற்றவேண்டிய சந்தர்ப்பம் இல்லையென்பதன்று. தாங்கியோடு ஒன்றாக அமைந்த வால்வ் பழுதானால் சில மொடல்களில் வேறு வழியில்லை. ஆனால் அது ஏனையவற்றைச் சோதித்த பின்னர் வரவேண்டிய இறுதி முடிவு.

மொழி தெரியாத தயக்கத்தால் எம்மவர் பலர் கேள்வி கேட்பதில்லை. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எமக்குத் தரும் உரிமைகள் விசா நிலையைப் பார்த்துத் தரப்படுவன அல்ல. வேலையைத் தொடங்குமுன் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கேட்டுப் பெறலாம். மதிப்பிட்ட தொகையைவிடப் பத்து வீதத்துக்கு மேல் இறுதியில் அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருமாறு கேட்கலாம். பொருத்திய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முதலில் வருகின்றதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. “எந்தச் சோதனையினால் இந்தப் பாகம் பழுதென்று கண்டீர்கள்?” என்ற ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு சென்றாலே பல வீண் செலவுகள் தவிர்க்கப்படும்.

கரிப்பெட்டிக்குள் கண்டது

மூத்தவர் காரை உயர்த்தி, முதலில் கரிப்பெட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிவிட்டுச் சில லீற்றர் பெற்றோலை விடச் செய்தார். ஒரு தடவைகூட ‘கிளிக்’ ஒலிக்கவில்லை. ஆகவே அடைப்பு குழாயிலன்று, அதற்கப்பால் என்பது உறுதியாயிற்று. இத்தகைய சோதனையில் ஆவி வெளியே பரவுமாதலால் இதனை வீட்டில் எவரும் முயலலாகாது. பின்னர் கரிப்பெட்டியைக் கழற்றினார். அது கையிற் கனத்தது. கவிழ்த்தபோது பெற்றோல் சொட்டியது. வென்ற் வால்வின் வாயில் கரித்தூள் பசைபோல் அப்பியிருந்தது.

“தம்பி, கிளிக் எண்டு நிண்ட பிறகும் அமத்தி அமத்தி விடுகிறனீங்களோ?” என்று கேட்டார்.

இளைஞர் பதில் சொல்லவில்லை. எம்மைப் பார்த்தார்.

கரிப்பெட்டி ஆவிக்கென அமைந்தது, திரவத்துக்கு அன்று. தாங்கி நிறைந்து முதலாவது ‘கிளிக்’ ஒலித்த பின்னரும், ஆவி விரிவதற்கென மேலே சிறிது இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தையும் நிரப்பிவிட வேண்டுமென்று திரும்பத் திரும்ப அழுத்தும்போது, பெற்றோல் ஆவிக்குழாய் வழியே கரிப்பெட்டிக்குள் புகுந்துவிடுகின்றது. ஊறிய கரி உதிர்ந்து, தூளாகி, மூச்சுவழியை அடைக்கின்றது. மாதக்கணக்கில் இவ்வாறு செய்தால் விளைவு இதுவே.

அவ்வாறு விடும்படி அவருக்குக் கற்பித்தது நாமே. கார் வாங்கிய அன்று, முதற்தடவை பெற்றோல் விட்டுக் காட்டியபோது, “நிண்டாலும் விடாதையும் தம்பி, இன்னும் கொஞ்சம் போகும்” என்று சொல்லி, சில்லறை மிஞ்சாமல் முழு டொலர் கணக்கு வரும்வரை அழுத்திக் காட்டியதும் நாமே. பெற்றோலைப் போத்தலில் வாங்கி, சொட்டுக் கணக்கில் எண்ணிச் செலவிட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். நிறைந்த தாங்கியைக் கண்டால் எமக்கு ஒரு நிம்மதி. நாளைக்கு இருக்குமோ என்ற பழைய அச்சம், தெருவுக்குத் தெரு பெற்றோல் நிலையமுள்ள நாட்டிலும் எமது விரலை விட்டு அகலவில்லை. அந்த விரலின் செலவை அந்த இளைஞர் கொடுத்தார்.

பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடத்திலிருந்து, அதே மொடலுக்குரிய கரிப்பெட்டியும் வால்வும் எடுத்துப் பொருத்தப்பட்டன. கூலியுடன் முந்நூற்றுப் பத்து டொலர் ஆயிற்று. அதில் பாதியை நாம் கொடுக்க முற்பட்டபோது அவர் ஏற்கவில்லை. பின்னர் வற்புறுத்தியபின் ஏற்றுக்கொண்டார். பத்திரங்கள் மொழிபெயர்க்கப்பட்டு, உரிய நாளில் சட்டத்தரணியிடம் சேர்ந்தன. விசாரணைக்கான திகதியை அவர் இன்னும் எதிர்பார்த்திருக்கின்றார்.

அண்மையில் அவருடன் அதே நிலையத்துக்குச் சென்றோம். பெற்றோல் தடையின்றி ஏறியது. ‘கிளிக்’ ஒலித்தபோது பம்பு முப்பத்தேழு டொலர் நாற்பத்திரண்டு சதம் என்று காட்டியது. எமது கை பழக்கத்தால் பிடியை நோக்கி நீண்டது. அவர் முந்திக்கொண்டு முனையை எடுத்துக் கொளுவிவிட்டு, மூடியை இறுக்கினார்.

“காணும் அண்ணை” என்றார்.